சாய்மனைக் கதிரை எதை அளக்கும்?

போன மாதம் ஒருநாள் காலை குசினியில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற நில அளவையாளர்களுக்கு வீட்டில் கிடைக்கும் உத்தியோகங்களில் அதுவும் ஒன்று. கைபேசி அடித்தது. தர்சினி. நான் ஓய்வுபெறும்போது எங்கள் கிளிநொச்சி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பிள்ளை. இப்போது தனியே குழு கொண்டு போகும் அளவையாளர்.

“சேர், மூண்டு மாதக் களவேலைக்கு வெளிக்கிடுறன். புளியங்குளத்தில இருந்து உள்ளுக்கு, நாயாறு வரைக்கும் இருக்கிற குளத்தடித் திட்டங்கள் முழுக்க. என்னென்ன கொண்டு போக வேணும் எண்டு உங்களிட்டக் கேக்கச் சொல்லி எல்லாரும் சொல்லுகினம்.”

பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆரிட்டக் கேக்கிறா பாருங்கோ. கதிரையை மறக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.”

எல்லோரும் என்னிடம் கேட்கச் சொன்னது புகழ்ச்சியால் அல்ல என்பது எனக்குத் தெரியும். அலுவலகத்தில் எனக்குக் ‘கப்பல்’ என்று பெயர். நான் களத்துக்குப் புறப்படும் நாளில், “கப்பல் வெளிக்கிடுது, வாங்கோ பாப்பம்,” என்று எழுதுவினைஞர்கள் வேலையை விட்டுவிட்டு முற்றத்துக்கு வருவார்கள். மற்றவர்கள் ஒரு பெட்டியும் ஒரு பாயும் கொண்டு போன இடத்துக்கு நான் ஒரு லொறி நிறையக் கொண்டு போனேன்.

நான் பிறவியிலேயே கப்பல் அல்ல. மலைநாட்டுக் குளிரில் இரண்டு வருடம் பயிற்சி பெற்றேன். சங்கிலி இழுத்தோம், கோணம் பார்த்தோம், கணக்குப் போட்டோம், மூக்கைச் சிந்தினோம். சான்றிதழ் தந்து அனுப்பிவிட்டார்கள். முதற்களம் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டுக்குள். மினுக்கிய சேட்டு ஆறும் சப்பாத்துக்குப் பூசும் பொலிஷும் கொண்டு போனேன். நுளம்பு வலையும் உப்பும் கொண்டு போகவில்லை. பத்தாம் நாள் மலேரியாவோடு மாட்டு வண்டியில் திரும்பி வந்தேன். இனி எந்தக் களத்திலும் ஒரு பொருள் இல்லை என்று நான் சொல்லக்கூடாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சபதம் எடுத்தேன். அந்தச் சபதத்தின் பாரத்தைப் பிறகு முப்பது வருடம் தொழிலாளர்கள் சுமந்தார்கள். இடையில் எங்கள் எல்லோரையும் போல நானும் பல தடவை மூட்டை கட்டினேன். அந்த மூட்டைகளைப் பற்றி இங்கே எழுதவில்லை.

இடப்பெயர்வு முடிந்து சனங்கள் திரும்பி வந்த காலத்தில் எங்களுக்கு அத்தியட்சகராக வந்தவர் சிவபாதம் சேர். மெலிந்த மனிதர். வெள்ளை நீளக்கைச் சேட்டு, மழைக்கும் வெயிலுக்கும் ஒரே குடை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. போட்டிருந்தால் நல்லது, பதிலுக்கு நாமும் கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. களத்துக்குப் போகும் லொறியில் ஏற்றிய சாமான் முழுவதையும் முற்றத்தில் இறக்கிப் பரப்ப வேண்டும். மடித்த குடையோடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடப்பார். ஐயம் வந்த பொருளின் மேல் குடை நுனியை வைத்து ஒரே கேள்விதான் கேட்பார்.

“இது எதை அளக்கும்?”

என்னுடைய சாமானில் குடை நுனி படாத பொருள் குறைவு. தேசிக்காய் ஊறுகாய்ச் சாடி, மோர்மிளகாய்ப் பேணி, றேடியோ, இடியப்ப உரல், முகம் பார்க்கும் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் முடிவாக என் சாய்மனைக் கதிரை. மடக்கக் கூடிய மரச்சட்டம், கோடு போட்ட துணி. மனைவி தையல்காரரிடம் கொடுத்துத் தைப்பித்தது.

“இது எதை அளக்கும்?”

“இடுப்பை, சேர்.”

முற்றத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குடை அடுத்த பொருளுக்குப் போய்விட்டது.

முற்றத்துப் பார்வை முடிந்ததும் கடைசிச் சடங்கு ஒன்று உண்டு. அலுவலகத்தின் பின்பக்கச் சீமெந்து நடைபாதையில், சரியாக முப்பது மீற்றர் இடைவெளியில் இரண்டு பித்தளை ஆணிகள் பதித்திருந்தார்கள். களத்துக்குக் கொண்டு போகும் இரும்பு நாடாவை அந்த ஆணிகளுக்கு நடுவே விரித்து, நுனியில் இழுவையைக் காட்டும் தராசு மாட்டி, ஒரே இழுவையில் பிடித்துப் பார்க்க வேண்டும். கண்ட அளவைக் களப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி அளவையாளர் கையெழுத்து வைப்பார். அதன் கீழே சேர் பச்சை மையில் வைப்பார். முழுதாகக் கால் மணி நேரம் எடுக்காத வேலை. முதல் பக்கம் இல்லாமல் லொறி வாசலைத் தாண்டாது.

நான் சொல்ல வந்த களவேலை, புளியங்குளத்திலிருந்து கிழக்கே நீண்ட தூரம் உள்ளே, ஒரு குளத்தடிக் குடியேற்றத் திட்டத்தில். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயல் செய்த குடும்பங்கள். போன இடமெல்லாம் போய்த் திரும்பி வந்தபோது எல்லைக் கற்கள் இல்லை. வீதியோரமாக நாற்பது காணிகள். எது எங்கே முடிகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பழைய வரைபடத்தை வைத்து மறுபடி கல் நட்டுக் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் என்று திட்டம். அலுவலகத்தில் இருந்த இரண்டு மின்னணுக் கருவிகளும் பெரிய வேலைகளுக்குப் போய்விட்டன. எனக்குக் கிடைத்தது கோணம் பார்க்கும் பழைய கருவியும் இரும்பு நாடாவும்.

புறப்படும் நாள் காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஊறுகாய்ச் சாடி கவிழும் வரைக்கும். முற்றத்தில் பரப்பிய சாமானைத் திருப்பி ஏற்றும்போது மூடி கழன்று, அரிசி மூட்டையிலும் நுளம்பு வலையிலும் தேசிக்காய்ச் சாறு ஓடியது. என் சபதத்தின் அடிப்படையே ஆட்டம் கண்டது. வலையை அலசினேன், அரிசியை வேறு சாக்கில் கொட்டினேன், சாடியைத் துணி சுற்றிக் கதிரைச் சட்டத்தின் நடுவே கட்டினேன். ஒரு மணி நேரம் போய்விட்டது. இதற்குள் களஞ்சியப் பொறுப்பாளர் வந்து, நான் வழக்கமாகக் கொண்டு போகும் நாடா வேறு குழுவோடு போய்விட்டது என்று இன்னொன்றைக் கையில் தந்துவிட்டுப் போனார். சேருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது.

“நாடாவைப் பாத்து எழுதிக்கொண்டு வாரும்,” என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

வாகனச் சாரதி நேரம் போகிறது என்றார். ஊறுகாய் வாசம் கையில் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு நாடாவும் ஆணியைத் தவறவிட்டதில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாடாவைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்காமல், முதல் பக்கத்தில் ‘30.000’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மூன்று சைபரையும் வடிவாகவே போட்டேன்.

சேர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“பாத்தனீரோ?”

“ஓம் சேர்.”

பச்சை மை விழுந்தது. கப்பல் புறப்பட்டது.

என்னுடன் வந்த தொழிலாளர்களின் தலைவர் அந்தோனி அண்ணை. முல்லைத்தீவுக் கரையில் கடல்தொழில் செய்த குடும்பம். அவர் மட்டும் எங்கள் திணைக்களத்துக்கு வந்து நாடா பிடித்தார். குளக்கட்டுக்குக் கீழே தறப்பாள் கூடாரம் அடித்தோம். ஊறுகாய் மணக்கும் வலைக்குள் படுத்தேன். மாலையில் கதிரையை விரித்து, றேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சனங்கள் பார்க்க நல்ல உத்தியோகத்தனாக இருந்தேன்.

திட்டத்தின் மேற்கு மூலையில் ஒரே ஒரு பழைய கல் தப்பியிருந்தது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு காணிக்கும் நாற்பது மீற்றர் முகப்பு. வீதியோரமாக நாடாவை நீட்டி நீட்டிக் கட்டை அடித்துக்கொண்டு போனோம். முதல் எட்டுக் காணிகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலியே இல்லாத இடத்தில் கட்டை எங்கே விழுந்தாலும் சரிதான்.

ஒன்பதாவது காணி மகேஸ்வரி அம்மாவுடையது. கணவரும் தம்பியும் இல்லாமல் தனி ஆளாகத் திரும்பி வந்தவர். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிச்சம். ஆனால் கிணறு அப்படியே இருந்தது. கணவரும் தம்பியும் வெட்டிக் கட்டிய கிணறு. அதை நம்பித்தான் அவர் மிளகாயும் கத்தரியும் வைத்திருந்தார். அந்தத் தோட்டம் தவிர அவருக்கு வேறு வருமானம் இல்லை. பத்தாவது காணி தம்பிராசா என்பவருடையது. கிணறு இந்த இரண்டு காணிகளின் எல்லையை ஒட்டி, பழைய வரைபடத்தின்படி அறுபது சென்ரிமீற்றர் மகேஸ்வரி அம்மாவின் பக்கத்தில் இருந்தது.

கல்லிலிருந்து பன்னிரண்டாவது நீட்டு, அதாவது முந்நூற்று அறுபது மீற்றர், முடிந்த இடத்தில் கோட்டைப் பிடித்துப் பார்த்தேன். கோடு கிணற்றின் கட்டுச் சுவரை வெட்டிக்கொண்டு போனது. கட்டை அடிக்க இடமில்லை. வழக்கப்படி உளியால் அந்தச் சுவரிலேயே பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி வெட்டினேன். மகேஸ்வரி அம்மா வாளியோடு வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“சேர், இது என்ன?”

“எல்லை, அம்மா. கிணத்தின்ர ஒரு பங்கு பக்கத்துக் காணிக்குள்ள போகுது.”

“அப்ப கிணறு நடந்துதோ?”

“பழைய வரைபடத்தில பிழை இருக்கலாம் அம்மா. அளவு பொய் சொல்லாது.”

“நாங்கள்தான் போயிட்டு வந்தனாங்கள் சேர். கிணறு ஓரிடமும் போகேல்ல.”

எவ்வளவு சரியான வாக்குமூலம். நானோ அவருக்கு அளவை இயல் விளக்கினேன். பொறுமையாக, கையைக் காலை ஆட்டி, ஒரு விரிவுரை. அவர் முழுதும் கேட்டார். பிறகு வாளியைக் கிணற்றுக்குள் விட்டுத் தண்ணீர் அள்ளிக்கொண்டு போய்விட்டார். அந்த வார வெள்ளிக்கிழமை காணி உத்தியோகத்தர் வந்து, அளந்து முடித்த காணிகளுக்கு எங்கள் அளவின்படி அனுமதிப்பத்திரம் கொடுப்பதாக இருந்தது. கொடுத்துவிட்டால் கிணறு இரண்டு வீட்டுக் கிணறு. தம்பிராசா ஏற்கெனவே தண்ணீர் இறைக்கும் மெசின் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகக் கதை வந்தது. கோடையில் இரண்டு தோட்டத்துக்கு அந்தக் கிணறு ஊறாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

புதன்கிழமை மழை. வேலை இல்லை. அன்றைக்குத்தான் என் கதிரைத் துணி, என் பாரம் தாங்காமல், குறுக்காகக் கிழிந்தது. நான் தரையில் இருந்தேன், றேடியோ பாடிக்கொண்டிருந்தது.

மழை விட்டதும் மிச்சத் தறப்பாளில் புதுத் துணி வெட்டுவோம் என்று தொடங்கினோம். கூடாரத்துக்குப் பக்கத்தில், துடைத்து எண்ணெய் பூசுவதற்காக நாடாவை இரண்டு மரத்துக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்தது.

“பழைய துணியை மேல வைச்சு வெட்டுவம் சேர்,” என்றார் அந்தோனி அண்ணை.

நான் விடவில்லை. அளவையாளன் ஒருவன் துணிக்கு மேல் துணி வைத்து வெட்டுவதா? தையல்காரர் தந்த அளவு என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது: ஒரு மீற்றர் முப்பது. தறப்பாளை நாடாவின் கீழே பிடித்து, பன்னிரண்டாம் மீற்றரிலிருந்து பதின்மூன்று முப்பது வரைக்கும் குறித்து வெட்டச் சொன்னேன். துணியின் முனைகளில் தடியை நுழைத்துச் சட்டத்தில் மாட்டினால், தடி அதற்குரிய பள்ளத்துக்கு எட்டவில்லை. இரண்டு பேரும் இழுத்தோம். எட்டவேயில்லை.

“அண்ணை, நீங்கள் பிழையா வெட்டிப்போட்டீங்கள்.”

“நாடா சொன்ன இடத்திலதான் வெட்டினனான் சேர்.”

அவர் பழைய துணியை எடுத்துக் கிழிசலைப் பொருத்திப் புதிய துணியின் மேல் விரித்தார். புதியது அரைச் சாண் குறைவு. அவர் நாடாவைக் கையால் தடவிக்கொண்டு போனார். பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் விரல் நின்றது. அங்கே ஒரு சிறிய தகட்டுப் பட்டை, ஆணி அடித்து இறுக்கியது. யாரோ ஒரு களத்தில் நாடா அறுந்திருக்கிறது, யாரோ பொருத்தியிருக்கிறார்கள், பொருத்தும்போது பத்துச் சென்ரிமீற்றர் துண்டு ஒன்று காணாமல் போயிருக்கிறது. இரண்டு நுனியும் சரி. நடுவில் மட்டும் பொய்.

ஒரு நீட்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர். பன்னிரண்டு நீட்டு. கோடு ஒரு மீற்றர் இருபது முன்னதாகவே விழுந்திருக்கிறது. கிணறு மகேஸ்வரி அம்மாவிடம் திரும்பிப் போய்விட்டது.

“இந்தக் கட்டி கையில ஒவ்வொரு நாளும் பட்டதுதான் சேர்,” என்றார் அந்தோனி அண்ணை. “நீங்கள் பாத்துக் கையெழுத்து வைச்ச நாடா எண்டு நான் பேசாமல் இருந்திட்டன்.”

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எனக்கு ஒரு வழி இருந்தது. நாடா களத்தில் அறுந்தது, நாங்களே பொருத்தினோம் என்று சொல்லிவிடலாம். அந்த யோசனை என் தலைக்குள் வந்து, கொஞ்ச நேரம் இருந்தும் பார்த்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் அப்படிச் சொன்னால் அந்தோனி அண்ணையும் சேர்ந்து பொய் சொல்ல வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது குளக்கட்டின் மேல் மட்டும். ஏறிப் போய் சேருக்கு எடுத்தேன்.

“சேர், நாடா பத்துச் சென்ரிமீற்றர் குறைவு. நடுவில பொருத்தியிருக்கு.”

“முதல் பக்கத்தில என்ன எழுதியிருக்கு?”

“முப்பது, சேர்.”

“ஆற்ற கையெழுத்து?”

“என்ர, சேர். நான் நாடாவை விரிக்கேல்ல. பாத்தனான் எண்டு உங்களிட்டப் பொய் சொன்னனான்.”

தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன், ஒருவேளை ஆசைப்பட்டேன்.

“எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?”

“கதிரைக்குத் துணி வெட்டினனாங்கள், சேர்.”

“நாளைக்கு வாறன்,” என்று வைத்துவிட்டார்.

வியாழன் மத்தியானம், புளியங்குளம் வரைக்கும் பஸ்ஸிலும் பிறகு யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளின் பின்னாலும் வந்து இறங்கினார். கையில் குடையும் ஆணியில் சரிபார்த்த நாடாவும். எனக்கு ஒரு வார்த்தை ஏசவில்லை. கல்லிலிருந்து தானே ஒரு நுனியைப் பிடித்துப் பன்னிரண்டு நீட்டும் நடந்தார். கோடு கிணற்றுக்கு வெளியே, அறுபது சென்ரிமீற்றர் தள்ளி விழுந்தது. பழைய வரைபடம் சொன்ன அதே இடம்.

மகேஸ்வரி அம்மாவும் தம்பிராசாவும் நின்றார்கள். சேர் குடையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். “சொல்லும்.”

சொன்னேன். நாடா பிழை, புறப்படும் நாளில் நான் சரிபார்க்கவில்லை, பார்த்ததாகப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதினேன், கிணறு உங்களுடையது. முந்தைய விரிவுரையை விடக் குறுகியது, கையும் ஆட்டவில்லை.

தம்பிராசா நிலத்தைப் பார்த்தபடி, “எனக்கும் வெக்கமாத்தான் இருந்தது. வேண்டாம் எண்டு சொல்லவும் மனம் வரேல்ல,” என்றார்.

மகேஸ்வரி அம்மா என்னைத்தான் பார்த்தார். “என்னத்துக்குச் சேர் பாக்கேல்ல?”

“சாமான் ஏத்துறதில நேரம் போட்டுது அம்மா.”

“என்ன சாமான்?”

“ஊறுகாய்.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான சொல் அதுதான் என்று அந்த இடத்தில் தோன்றியது.

புள்ளடியைச் சீமெந்து பூசி மூடித் தருகிறேன் என்றேன். “வேண்டாம், கிடக்கட்டும்,” என்றார். “அடுத்த முறை ஆரும் அளக்க வந்தால் காட்டலாம்.”

வெள்ளிக்கிழமை ஒருவருக்கும் பத்திரம் கொடுக்கப்படவில்லை. நாற்பது காணியையும் முதலிலிருந்து அளந்தோம். மூன்று மாதம் ஐந்து மாதமாகியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது வர வேண்டியதுதான். ஆனால் சேர் அன்றைக்கே எங்கள் கூடாரத்தில், அரிசிப் பெட்டியின் மேல் இருந்து, தன் மேலதிகாரிக்கு இன்னொரு கடிதம் எழுதினார். நாடா விரிப்பதைக் கண்ணால் பாராமல் தானும் கையெழுத்து வைத்ததாகவும், தனக்கும் விளக்கம் கோர வேண்டும் என்றும். எழுதி முடித்து என்னிடம் தந்து, எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார். இருபத்தெட்டு வருடம் குற்றம் இல்லாத தன் சேவைக் கோவையில் விழும் முதற்குற்றத்தை என் கண்ணால் சரிபார்க்க வைத்தார். அவர் ஏசியிருந்தால் நான் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

அடுத்த களத்துக்குப் புறப்படும்போது நாடாவை மூன்று தடவை ஆணியில் பிடித்தேன். முற்றத்தில் சாமான் பரப்பியிருந்தது. குடை நுனி ஊறுகாயில் நின்றது, றேடியோவில் நின்றது. கதிரைக்கு வந்ததும் ஒரு கணம் தயங்கி, ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போனது.

இதையெல்லாம் தர்சினிக்குத் தொலைபேசியில் சொல்லி முடிப்பதற்குள் திருவிய தேங்காய் காய்ந்துவிட்டது. பட்டியல் கேட்ட பிள்ளைக்கு நான் கொடுத்தது இவ்வளவுதான்.

“எங்களுக்கு நாடா இல்லை சேர். செய்மதிக் கருவி,” என்றாள்.

“அது இன்னும் தூரத்தில இருந்தெல்லோ கதைக்குது. வெளிக்கிட முதல், தெரிஞ்ச புள்ளி ஒண்டில வைச்சுப் பாத்து முதல் பக்கத்தில எழுதும், பிள்ளை. ஊறுகாயைப் பிறகு கட்டலாம்.”

போன கிழமை மறுபடி எடுத்தாள். அந்தத் திட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். ஒன்பதாவது காணியில் வீடு எழும்பியிருக்கிறதாம். மிளகாய் நன்றாக நிற்கிறதாம். மகேஸ்வரி அம்மாவுக்கு இப்போது தலை முழுக்க நரை.

“சாமான் இறக்கவும் விடேல்ல சேர். கையில பிடிச்சுக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் புள்ளடியைக் காட்டினவா. பிறகு முதல் பக்கத்தைக் காட்டச் சொன்னவா.”

“காட்டினீரோ?”

“காட்டினனான். கண்ணாடி எடுத்துப் போட்டு முழுக்க வாசிச்சவா சேர். அதுக்குப் பிறகுதான் குடிக்கத் தண்ணி தந்தவா.”